பொருளுக்கு ஓர் இடம்



இல்லத்தை ஒழுங்குபடுத்தல் என்றதும் நம்மிற் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவன கண்ணாடிக் கதவு பூட்டிய அலுமாரியும், ஒரே அளவான பெட்டிகள் அடுக்கிய தட்டுகளும், அவற்றை நாள்தோறும் துடைத்து வைக்க ஓய்வுள்ள ஓர் இல்லத்தரசியுமாகும். அத்தகைய வீடுகளைப்பற்றி இன்று நான் பேசப் போவதில்லை. தாயும் தந்தையும் தொழிலுக்குச் செல்ல, மூன்று பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்ல, வயது முதிர்ந்த பாட்டியார் ஒருவரும் உடனிருக்க, இரண்டு அறைகளும் ஒரு குசினியும் கொண்ட வீடே இன்றைய பேச்சுக்கு உரியது. அவ்வீட்டில் மிகுதியான நேரமும் இல்லை. மிகுதியான பணமும் இல்லை. எனினும் அத்தகைய வீட்டுக்கே ஒழுங்கு மிகமிக வேண்டப்படுகின்றது.

அவ்வீட்டிற் காலை ஐந்தரை மணி தொடக்கம் ஏழு மணிவரை பேசப்படும் சொற்களை யாரேனும் ஒருவர் ஒதுங்கியிருந்து எண்ணிப் பார்ப்பாராயின், "எங்கே" என்ற சொல்லே எல்லாவற்றிலும் முந்தி நிற்கக் காண்பார். "அம்மா, என்ரை காலுறை எங்கே?" என்பான் ஒருவன். "அம்மா, கணிதக் கொப்பி எங்கே?" என்பாள் மற்றவள். "இஞ்சாரும், பஸ் காசு வைச்ச சட்டை எங்கே?" என்று கணவர் கேட்பார். "பிள்ளை, என்ரை கண்ணாடி எங்கே?" என்று பாட்டியார் கேட்பார். கேட்போர் நால்வர் ஐவர். விடை கூறுபவர் ஒருவரே. அவரும் ஒரு கையாற் பிட்டைக் குழைத்துக்கொண்டு, மறு கையாற் சின்னவனின் தலையை வாரிக்கொண்டு, "அலுமாரிக்கு மேலே, பழைய துவாய்க்குக் கீழே, நீலப் பைக்குள்ளே" என்று பிழையின்றிச் சொல்லிவிடுவார். வீட்டிலுள்ள அத்தனை பொருள்களின் இருப்பிடமும் அந்தத் தாயின் நினைவிலேயே பதிந்திருக்கின்றது. வேறெங்கும் அது பதியப்படவில்லை.

இதனை நாம் தாயின் திறமையென்று மெச்சிவிட்டு மேற்செல்வது வழக்கம். திறமைதான், ஐயமில்லை. ஆனால் அத்திறமையை நம்பியே ஒரு வீடு நடக்குமாயின், அந்தத் தாய்க்கு இரண்டு நாட் காய்ச்சல் வந்தால் என்ன நிகழும்? பாடசாலை வரவு இடாப்பைப் பார்ப்பவர்களுக்கு இக்கேள்வியின் விடை நன்கு தெரியும். தாய் வைத்தியசாலையில் இருக்கும் நாள்களிற் பிள்ளை பிந்தி வரும். அல்லது வராமலே விடும். காரணம் கேட்டால், "சீருடை காணேல்லை, சேர்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லும். வீட்டிலே சீருடை இல்லாமலில்லை. அது எங்கே இருக்கின்றதென்று தந்தைக்குத் தெரியாது, அவ்வளவே. இன்னும், நம் நாட்டில் எத்தனையோ தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்று ஈராண்டு மூவாண்டு பிரிந்து வாழ்கின்றனர். அவர்கள் வீட்டை விட்டுப் புறப்படும்போது, வீட்டின் நினைவும் உடன் விமானம் ஏறிவிடுகின்றது.

ஆகவே வீட்டை ஒழுங்குபடுத்தல் என்பதனை நான் இவ்வாறு கொள்கின்றேன்: ஒருவருக்கு மாத்திரம் தெரிந்திருக்கும் இருப்பிடங்களை, வீட்டிலுள்ள ஆறு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுப் பாட்டியார்க்கும் தெரியச் செய்தல். அழகு அதன்பின் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் குறைவில்லை.

இது நமக்குப் புதிய கலையன்று. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே விலை கொடுத்து வாங்கிய தளபாடம் மிகச் சிறிதே இருந்தது. ஆயினும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம் இருந்தது. தயிர்ச் சட்டிக்கு உறி. அது கூரை வளையிலிருந்து தொங்கியதாற் பூனையும் எறும்பும் எட்டவில்லை. அரிசிக்கும் தவிட்டுக்கும் பனையோலைக் கடகம், மாவுக்கு மூடற்பெட்டி, வெற்றிலை பாக்குக்கும் சில்லறைக்கும் இடுப்பிற் செருகிய கொட்டைப்பெட்டி. விதைக்கு வைத்த சோளப்பொத்தியும் பயற்றங்காயும் அடுப்புக்கு மேலே கட்டப்பட்டன. புகை படும் இடத்திற் பூச்சி அண்டாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். உடுபுடவைக்குக் கொடி; பாய்களைச் சுருட்டி வைக்க மூலையில் ஓரிடம். மலைநாட்டுத் தோட்டங்களிற் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் லயக் காம்பராவில், பகலில் உண்ணும் இடமே இரவில் உறங்கும் இடமாகவும் பிள்ளை படிக்கும் இடமாகவும் அமையவேண்டியிருந்தது. அச்சிறு காம்பராவை ஒரு நாளில் மும்முறை மாற்றி அமைத்துக் குடும்பம் நடத்திய பெண்களுக்கு, இடத்தைப் பயன்படுத்துவது எவ்வாறென்று எவரும் வந்து போதிக்கவேண்டியதில்லை. நாம் இன்று வாங்கும் பொருள்கள் பலவாகப் பெருகிவிட்டன. அவற்றுக்கு இடம் குறிக்கும் வழக்கம் மாத்திரம் உடன் பெருகவில்லை.

வேறொரு நாட்டிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். அமெரிக்காவிலே லிலியன் கில்பிரெத் என்னும் அம்மையார் இருந்தார். அவர் பிறந்தது 1878இல். தொழிற்சாலைகளில் வேலையாளர் எத்தனை அசைவுகளில் ஒரு வேலையை முடிக்கின்றார் என்பதை ஆராய்ந்து, வீண் அசைவுகளைக் குறைக்கும் வழிகளை அவரும் அவர் கணவரும் வகுத்தனர். 1924இற் கணவர் காலமானபோது அவரிடம் பதினொரு பிள்ளைகள் இருந்தனர். பின்னாளில் அவர் அதே ஆராய்ச்சியைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியும், குளிர்சாதனப் பெட்டியின் கதவிலுள்ள தட்டுகளும் அவருடைய பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகின்றன. என்னைக் கவர்ந்தது வேறொன்று. அவ்வீட்டிற் குளியலறைச் சுவரில் ஓர் அட்டவணை இருந்ததாம். எழுதத் தெரிந்த ஒவ்வொரு பிள்ளையும் பல் துலக்கியதும், குளித்ததும், படுக்கையை விரித்து வைத்ததும் அதிலே தன் பெயரின் முதலெழுத்தை இடவேண்டும். பதினொரு பிள்ளைகளின் தாய் பதினொரு பேரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, சுவரைப் பார்த்தார். அந்தச் சுவர் அட்டவணைக்கு வேண்டியது ஒரு தாளும் ஒரு பென்சிலும் மாத்திரமே.

இனி, செய்யக்கூடிய சிலவற்றைப் பார்ப்போம். காலை நேரத்துப் பதற்றத்திலிருந்தே தொடங்குவது நல்லது. ஏனெனில் அதன் பயன் மறுநாளே தெரியும்.

வாசலுக்கு அருகே உள்ள சுவரில் ஒரு பலகைத் துண்டை அறையுங்கள். பழக்கடையிற் கழித்துவிடும் மரப்பெட்டியின் பலகையே போதும். அதிலே பிள்ளைக்கு ஒன்றாக உறுதியான ஆணிகளை இறுக்குங்கள். இங்கே கவனிக்கவேண்டியது பலகையின் உயரம். பெரியவரின் தோளுயரத்தில் அறைந்தால், பையை மாட்டும் வேலை மீண்டும் தாயிடமே வந்து சேரும். கடைசிப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரமே பலகைக்கு உரிய உயரம். ஆணியின் கூர் பிள்ளையின் கண்ணுக்கு நேரே அமையாதபடி நுனியை வளைத்துவிடுங்கள். அல்லது பழைய நூற்கட்டையை அதில் மாட்டிவிடுங்கள். ஆணிக்குக் கீழே சப்பாத்து. சப்பாத்துக்கு உள்ளே மடித்த காலுறை. கழற்றும்போது அழுக்குக் காலுறையை எடுத்துவிட்டு, மாலையிலேயே துவைத்ததொன்றை வைத்துவிட்டால், மறுநாட் காலையில் "எங்கே" என்ற கேள்விகளில் ஒன்று குறைந்துவிடும்.

பாடசாலைப் பையைப்பற்றி ஆசிரியன் என்ற முறையிலும் ஒரு சொல். பல பிள்ளைகள் அன்றைக்கு வேண்டாத புத்தகங்களையும் சேர்த்துச் சுமக்கின்றனர். நேரசூசியைப் பார்த்து அடுக்கும் வழக்கம் வீட்டில் இல்லாமையே அதற்குக் காரணம். ஒரு கடதாசி அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டிற் சாய்த்து வைத்தால் அது கொப்பி அடுக்கும் தட்டாகிவிடும். அதன் உட்புறத்திலே நேரசூசியின் பிரதியை ஒட்டுங்கள். இரவு உணவுக்கு முன்னர் ஐந்து நிமிடம் அப்பெட்டியின் முன்னால் அமர்ந்து, மறுநாட் கொப்பிகளை எடுத்து வைப்பது பிள்ளையின் வேலை. முதல் இரண்டு வாரம் பெரியவர் ஒருவர் அருகே இருத்தல் வேண்டும். அந்தப் பெரியவர் தந்தையாக இருப்பின் மிக நன்று.

இங்கே தந்தையரை நோக்கி ஒன்று கூற விரும்புகின்றேன். "வீட்டு வேலையில் நான் உதவி செய்கிறேன்" என்று சொல்லும் கணவர், உப்புப் பேணி எது, சீனிப் பேணி எது என்று மனைவியிடம் மூன்றுமுறை கேட்பாராயின், உதவியின் பாதி அவ்வளவிலே போய்விடுகின்றது. பேணிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது இதற்காகத்தான். எழுதாமலே தாய்க்கு எல்லாம் தெரியும், எழுதவேண்டியது மற்றவர்களுக்காக. எழுத்து வாசிக்கத் தெரியாத சின்னவருக்காகப் பருப்பு ஒரு மணி, கடலை ஒரு மணி என்று மேலே ஒட்டிவிடலாம். அப்பிள்ளை அதனைப் பார்த்தே எழுத்தும் கற்றுக்கொள்ளக் கண்டிருக்கின்றேன்.

குசினிக்கு வந்துவிட்டோம். பால்மாப் பேணி, பிஸ்கற் பெட்டி, பழக்கூழ்ப் போத்தல் ஆகிய இவையே போதுமான பாத்திரங்கள். உப்பை மட்டும் தகரத்தில் இடாதீர்கள், துரு ஏறும். கண்ணாடிப் போத்தலோ மண்சாடியோ உப்புக்கு ஏற்றது. நாள்தோறும் எடுப்பவை முழங்காலுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட தட்டுகளில் இருத்தல் வேண்டும். தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் மாத்திரம் எடுக்கும் பெரிய பானைகள் மேலே பரணில் இருக்கலாம். தேநீருக்கு வேண்டிய தேயிலை, சீனி, வடி, கோப்பை ஆகிய யாவும் ஒரே தட்டத்தில் இருக்குமாயின் பாட்டியாரும் தாமாகவே தேநீர் ஊற்றிக்கொள்வார்; வீட்டார் வருமட்டும் காத்திருக்கமாட்டார். புதிதாக வாங்கிய பருப்பைப் பழைய பருப்பின்மேற் கொட்டும் வழக்கத்தையும் விடவேண்டும். அடியிற் கிடப்பது அடியிலேயே கிடந்து வண்டு பிடிக்கும். பின்னர் முழுவதையும் வீசவேண்டி வரும். விலைவாசி எவ்வாறு ஏறியதென்பதை 2022ஆம் ஆண்டிலே கண்டுகொண்ட நமக்கு, ஒரு கிலோ பருப்பை வீசுதல் சிறு நட்டமன்று.

குசினியிலேயே உயிரைப்பற்றிய ஒரு செய்தியும் உண்டு. மண்ணெண்ணெயையோ, மலசலகூடம் கழுவும் திராவகத்தையோ, தோட்டத்து மருந்தையோ குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் அற்றுப்போகவில்லை. தாகத்தோடு ஓடிவரும் மூன்று வயதுப் பிள்ளைக்குப் போத்தலின் வடிவம் மாத்திரமே தெரியும். இவற்றை வந்த கொள்கலத்திலேயே வைத்து, குசினிக்கு வெளியே, பூட்டுள்ள உயரமான இடத்தில் வைத்தல் வேண்டும். பாட்டியாரின் மாத்திரைகளும் அவ்வாறே. தலையணைக்குக் கீழே வைப்பது கூடாது. தவறிப் பிள்ளை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்கச் செய்ய முயலாதீர்கள். வாந்தியோடு அது சுவாசப்பைக்குள் இறங்கினால் ஆபத்து அதிகமாகும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கட்டணமின்றி வரும் நோயாளர் காவு வண்டிக்கு 1990 என்ற இலக்கத்தை அழைக்கலாம். இவ்விலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். அவ்வேளையில் நினைவு கைகொடாது.

வெறும் பேணிகளைப் பயன்படுத்தச் சொன்னேன். அதனைக் கேட்டு, பின்னொரு நாளைக்கு உதவுமென்று வெளியே தாழ்வாரத்திற் பேணிகளையும் யோகட் கோப்பைகளையும் குவித்து வைத்துவிடாதீர்கள். மழை நீர் தேங்கினால் அவை நுளம்பின் பண்ணையாகிவிடும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வாரமே போதும். 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் டெங்கு நோயாளரென்று பதியப்பட்டோர் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். பயன்படுத்தும் பேணி வீட்டினுள்ளே. பயன்படுத்தாத பேணி வீட்டை விட்டு வெளியே. இடைப்பட்ட நிலை ஒன்றும் வேண்டாம்.

உடுபுடவைகளைப்பற்றி நீட்டிப் பேசவேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதிரை உண்டு. அதில் எவரும் அமர்வதில்லை. துவைத்த துணிகளே அதில் அமர்ந்திருக்கும். ஆளுக்கு ஒரு கடகமோ அட்டைப் பெட்டியோ வைத்து, கொடியிலிருந்து எடுக்கும்போதே பிரித்துப் போட்டுவிட்டால், மடிப்பது அவரவர் பாடு. ஆண்பிள்ளைக்கு மடிக்கத் தெரியாதென்று சொல்பவர்கள் அவனை ஒருமுறை சாரணர் பாசறைக்கு அனுப்பிப் பார்க்கட்டும்.

நான் நெடுநேரம் பேச விரும்புவது வீட்டுப் பத்திரங்களைப்பற்றி. மற்றவை காணாமற்போனாற் காலைப்பொழுது கெடும். இவை காணாமற்போனாற் சிலவேளை ஆண்டுகள் கெடும்.

முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தடுப்பூசிகள் குறித்த சுகாதாரப் பதிவேடு வேண்டும். வதிவிடத்தைக் காட்ட வாக்காளர் இடாப்பின் பிரதி, காணி உறுதி, மின்சாரப் பட்டியல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வேண்டும். சிலர் ஒரு பையைத் திறந்து யாவற்றையும் வரிசையாக எடுத்து வைப்பர். வேறு சிலர் மூன்றுமுறை வீட்டுக்கும் பாடசாலைக்கும் நடப்பர். ஒரு நாட் கூலியை இழந்து நடப்பவரும் அவர்களுள் உளர். பின்னர், பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைந்து, தேசிய அடையாள அட்டைக்குப் பாடசாலை வாயிலாக விண்ணப்பிக்கும்போது, அதே பிறப்புச் சான்றிதழை மீண்டும் தேடுவர். முதலாம் தரத்திற் கண்டது. அதன்பின் எவரும் காணவில்லை. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்திலே ஆளடையாளம் காட்டவேண்டிய பிள்ளையின் மனம் அந்நாள்களிற் படிப்பில் இராது.

நம் மக்களுக்குப் பத்திரங்களின் பெறுமதியைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை என்பதும் உண்மையே. 2009இல் முடிவுற்ற நீண்ட போரின் காலத்திற் பலமுறை இடம்பெயர்ந்தோர், நகையை விட்டாலும் பத்திரப் பையை விடாது சுமந்தனர். மர நிழலிற் படுத்தபோது அதனையே தலைக்கு அணையாக வைத்தனர். 2004 திசெம்பர் 26ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை வந்தபோது எதனையும் எடுக்க நேரம் இருக்கவில்லை. கரையோர ஊர்களில் உயிர் தப்பியோர் பலர், தாம் யாரென்று காட்டுதற்கும் ஒரு கடதாசி இன்றி நின்றனர். அண்மையில், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும், மலைநாட்டில் நிகழ்ந்த மண்சரிவுகளும் அதே துயரை மீண்டும் கொண்டுவந்தன. இறந்தவரின் பெயரில் உதவித்தொகை பெறுதற்கும், இடிந்த வீட்டுக்கு நட்டஈடு பெறுதற்கும், வேறு பாடசாலையிற் பிள்ளையைச் சேர்ப்பதற்கும் முதற்கண் கேட்கப்படுவது பத்திரமே. உயிர் தப்பும் நேரத்தில் அலுமாரியைக் கிளறிக்கொண்டு நிற்றல் ஒருக்காலும் கூடாது. ஆகவேதான் அமைதியான நாளிலேயே அதற்கு ஓர் இடம் வேண்டும் என்கின்றேன்.

அதற்குச் செலவு மிகச் சிறிது. தடித்த பொலிதீன் உறைகள் சில வாங்குங்கள். வாய் இறுக மூடக்கூடியவையாக இருத்தல் நன்று. ஒவ்வொருவர்க்கும் ஓர் உறை. அவருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் பிரதி, பரீட்சைப் பெறுபேறு, வைத்தியசாலைச் சிகிச்சைப் புத்தகம் ஆகியன அதற்குள். குடும்பத்துக்குப் பொதுவான விவாகச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், அஸ்வெசும, ஓய்வூதியம் முதலியவற்றின் கடிதங்கள் வேறோர் உறையில். இவ்வளவையும் தோளில் மாட்டக்கூடிய ஒரு துணிப்பையில் இட்டு, அறையில் ஒரு குறித்த இடத்திலே தரைக்கு உயரமாக வையுங்கள். அரிசி மூட்டைக்குப் பின்னாலோ, பூட்டி மறந்த இரும்புப் பெட்டியின் அடியிலோ வைப்பது பாதுகாப்பன்று, அது புதைத்தலாகும். மூலப்பத்திரங்களை நெகிழித் தாளில் ஒட்டி இறுக்குவதையும் நான் விரும்பவில்லை. ஒருமுறை சூடாக்கி ஒட்டியதைப் பழுதின்றி மீண்டும் பிரித்தெடுக்க முடியாது. அதன்மேல் முத்திரை குத்தவும் இயலாது. உறையிலிடுதலே போதும். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து நிழலிற் காற்றாட விட்டு, கறையான், இராமபாணப் பூச்சி பிடிக்காமற் பார்த்து மீண்டும் வையுங்கள்.

இன்னொரு வேலை, பணமே செலவாகாதது. ஒரு தாளில் எல்லாப் பத்திரங்களின் இலக்கங்களையும் திகதிகளையும் எழுதுங்கள். பிறப்புப் பதிவின் இலக்கம், பதிந்த திகதி, பதிவாளர் பிரிவு. காணி உறுதியின் இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர். வங்கிக் கணக்கின் இலக்கம். இத்தாளின் ஒரு பிரதியை வேறூரில் வாழும் நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கைத்தொலைபேசி உள்ளவர்கள் பத்திரங்களைப் படம் பிடித்து, வெளியூரிலுள்ள மகனுக்கோ மகளுக்கோ அனுப்பியும் வைக்கலாம். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தாற் பிரதேச செயலகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். உறுதியின் இரண்டாம் படி காணிப் பதிவகத்தைச் சேர்ந்திருக்கும். ஆகவே அங்கும் பிரதி கேட்கலாம். ஆனால் இலக்கமும் திகதியும் தெரிந்தவருக்கு ஒரு நாளில் முடியும் வேலை, தெரியாதவருக்கு எத்தனை நாள் அலைச்சலாகுமென்று சொல்லமுடியாது. பையின் இருப்பிடம் வீட்டிலுள்ள வளர்ந்தோர் அனைவர்க்கும் தெரிந்திருத்தல் வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் சொல்லி வைக்கலாம். பிள்ளைகள் நாம் நினைப்பதிலும் பொறுப்புள்ளவர்கள்.

இவ்வேலைகளைத் தொடங்குவோர் பெரும்பாலும் ஓரிடத்தில் இடறுவதைக் கண்டிருக்கின்றேன். முதலிற் கடைக்குச் சென்று நெகிழிப் பெட்டிகள் ஆறு வாங்கி வருவர். பழைய சாமான்கள் அப்பெட்டிகளுக்குள் அப்படியே இறங்கும். முன்னர் கண்ணுக்குத் தெரிந்த குப்பை இப்போது மூடியின்கீழ் மறையும். ஆதலின் முதற்கண் கழிக்கவேண்டியதைக் கழியுங்கள். உடைந்த குடை, மூடியில்லாத பேணி, பிடியறுந்த அகப்பை, மூன்றாண்டுக்கு முந்திய நாட்காட்டி என்பன போகட்டும். எழுதி முடித்த கொப்பிகளில் வெற்றுத் தாள்கள் இருக்கும். 2022இற் கடதாசித் தட்டுப்பாட்டினாற் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளும் பிற்போடப்பட்டதை நினைவுகூர்ந்து, அவற்றைக் கிழித்துத் தைத்துக் கணக்குப் போட வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாற் பிறருடைய பொருளை அவரைக் கேளாமற் கழிக்கவேண்டாம். பாட்டியாரின் பழைய வெற்றிலைத் தட்டத்தை நாம் இரும்பென்று காண்போம்; அவரோ அதில் தம் தாயாரைக் காண்பார். வீட்டைச் சுத்தஞ் செய்த மகிழ்ச்சியில் நாம் இருக்க, அவர் இரவெல்லாம் உறங்காதிருப்பார். அவருக்கென்று ஒரு தட்டோ ஒரு பெட்டியோ ஒதுக்கிவிடுங்கள். அதனுள் என்ன இருக்கின்றதென்று எவரும் பார்க்கவேண்டியதில்லை. பருவ வயதுப் பெண்பிள்ளைக்கும் அத்தகைய ஒரு பெட்டி தேவை. இடநெருக்கமுள்ள வீட்டில் ஒருவருக்கு உரியதென்று சொல்ல ஒன்றரை அடிப் பெட்டி ஒன்று இருத்தல் பெரிய செல்வமாகும்.

ஒரே நாளில் வீடு முழுவதையும் புரட்டிப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் முடியாத வேலை திங்கட்கிழமை எல்லோருடைய காலிலும் இடறும். கிழமைக்கு ஒரு தட்டு, அல்லது ஒரு லாச்சி. அரை மணி நேரம். முதற் கிழமையில் வாசற் பலகை. இரண்டாம் கிழமையில் மருந்தும் மண்ணெண்ணெயும். மூன்றாம் கிழமையிற் பத்திரப் பை. அதன்பின் உங்கள் வீட்டுக்கு எது அவசரமோ அது. பொருளின் இடத்தை முடிவு செய்யும்போது பிள்ளைகளையும் அழைத்துக் கேளுங்கள். தாங்கள் தெரிந்தெடுத்த ஆணியிலே பையை மாட்டப் பிள்ளைகள் மறப்பது குறைவு. இரண்டு வாரஞ் சென்றபின் ஒரு காலையில் அம்மா எதுவும் சொல்லாமல் இருந்து பார்க்கட்டும். எந்தப் பொருளுக்கு இன்னும் "எங்கே" என்ற கேள்வி எழுகின்றதோ, அப்பொருளின் இடந்தான் பிழையாக அமைந்திருக்கின்றது. அதனை மாற்றி வையுங்கள்.